பிணை நிற்பது ஆளா, பணமா?



நீதிமன்ற வளாகத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலையை நினைத்துப் பாருங்கள். கைதாகி வந்த பையன் கூண்டில் நிற்கிறான். குற்றச்சாட்டு வாசிக்கப்படுகிறது. அவன் மறுத்து விசாரணை கோருகிறான். மாஜிஸ்திரேட் சொல்கிறார்: ஒரு நபர் உத்தரவாதத்துடன் 5,000 வெள்ளி ஜாமீன். உடனே வெளியே ஓட்டம் தொடங்குகிறது. தாயார் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்க்கிறார். தம்பி கைப்பேசியில் ஒவ்வோர் உறவினராக அழைக்கிறான். முகப்பு மூடுவதற்குள் பணம் கட்டவில்லை என்றால், சனி, ஞாயிறு இரண்டு நாளும் உள்ளேதான்.

அந்த உத்தரவில் இரண்டு பகுதிகள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று, 5,000 வெள்ளி. மற்றொன்று, ஒரு நபர். நம் காதில் விழுவது பணம் மட்டும்தான். ஆனால் சட்டத்தின் வரலாற்றைப் புரட்டினால், முதலில் வந்தது அந்த நபர். பணம் பின்னால் வந்தது. ஆள் இருந்த இடத்தில் பணம் எப்படி வந்து உட்கார்ந்தது, ஒரு நாட்டில் அது எப்படி வியாபாரமாகவே ஆனது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

சொல்லுக்குள்ளே ஒரு மனிதன்

நாம் புழங்கும் ஜாமீன் என்ற சொல் அரபு மொழியிலிருந்து பாரசீகம், உருது வழியாக நமக்கு வந்தது. மலாய் மொழியில் உள்ள ஜாமின் என்ற சொல்லுக்கும் அதுவே மூலம். அரபியில் அதன் பொருள் பணம் அல்ல. பொறுப்பேற்கும் மனிதன் என்பதுதான். பிணை என்ற தமிழ்ச் சொல்லோ கட்டு, பிணைப்பு என்ற பொருளைத் தருகிறது. ஆங்கிலத்தில் பெயில் என்கிறார்களே, அது ஒப்படைப்பது என்ற பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. கைதியை இன்னாரிடம் ஒப்படைக்கிறோம், கேட்கும் நாளில் அவர் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இவ்வளவுதான் ஜாமீன். எந்த மொழியில் பார்த்தாலும் அடியில் ஒரு மனிதனும் அவனுடைய வாக்கும் இருப்பதைக் காணலாம்.

பத்துப் பேர் கட்டு

இந்த ஏற்பாடு நமக்கு வந்தது இங்கிலாந்திலிருந்து. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கே பெரும்பாலான குற்றங்களுக்கு ஈட்டுத்தொகை விதிக்கப்பட்டிருந்தது. இன்ன காயத்திற்கு இவ்வளவு, இன்ன உயிருக்கு இவ்வளவு என்று கணக்கு இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவன் ஓடிவிட்டால், அவனுக்காகப் பொறுப்பேற்றவர் அதே தொகையைப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். ஆகவே ஜாமீன் தொகையை யாரும் மனம்போன போக்கில் நிர்ணயிக்கவில்லை. குற்றத்துக்கு என்ன ஈடோ அதுவே ஜாமீன்.

பிறகு நார்மன் மன்னர்கள் காலத்தில் 12 வயதைத் தாண்டிய சாமானிய ஆண்கள் பத்துப் பேர் கொண்ட குழுக்களில் சேர்க்கப்பட்டார்கள். குழுவில் ஒருவன் குற்றம் செய்தால், மற்றவர்கள் அவனைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். இல்லையேல் அபராதம் கட்ட வேண்டும். ஊர் முழுவதும் ஒருவருக்கொருவர் பிணை. அண்டை வீட்டுக்காரன் எங்கே இருக்கிறான் என்று எல்லாருக்கும் தெரிந்த காலத்தில் இது நடந்தது.

அரசரின் நீதிபதிகள் ஊர் ஊராகச் சுற்றி வருவார்கள். அடுத்த முறை வரப் பல மாதங்கள் ஆகும். அதுவரை கைதியை வைத்துக் காப்பது ஷெரிப் என்ற அரசு அதிகாரியின் பொறுப்பு. சிறைகளோ நோய்க்கூடங்கள். எனவே நம்பிக்கையான ஆட்கள் வந்தால் கைதியை அவர்களிடம் ஒப்படைத்துவிடுவது ஷெரிப்புக்கும் சௌகரியமாக இருந்தது. யாரை விடுவது, யாரை வைப்பது என்பது அவர் கையில் இருந்ததால், லஞ்சமும் கூடவே வளர்ந்தது.

இதற்கு முடிவு கட்டத்தான் 1275இல் முதலாம் எட்வர்ட் மன்னர் காலத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் வந்தது. எந்தக் குற்றத்துக்கு ஜாமீன் உண்டு, எதற்குக் கிடையாது என்று அது பட்டியல் போட்டது. நேயர்களே, இன்று மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜாமீன் பெறக்கூடிய குற்றம், ஜாமீன் பெற முடியாத குற்றம் என்று இரண்டு வகை இருக்கிறதல்லவா? அந்தப் பாகுபாட்டின் வேர் 750 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பட்டியலில் இருக்கிறது.

மன்னரும் ஜாமீனும்

ஜாமீன் என்பது ஏதோ திருட்டு வழக்கு விவகாரம் மட்டும் என்று எண்ண வேண்டாம். ஆட்சியாளர்களின் கையைக் கட்டிய ஆயுதங்களில் அதுவும் ஒன்று. 1627இல் முதலாம் சார்லஸ் மன்னர் மக்களிடம் கட்டாயக் கடன் கேட்டார். கொடுக்க மறுத்த, நைட் பட்டம் பெற்ற ஐந்து பேர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். என்ன குற்றம் என்று சொல்லப்படவில்லை. மன்னரின் உத்தரவு என்று மட்டுமே சொல்லப்பட்டது. குற்றமே இன்னதென்று தெரியாதபோது எதற்கு ஜாமீன் கேட்பது? நீதிமன்றமும் அவர்களை விடவில்லை. இதனால் எழுந்த கொதிப்புதான் 1628இல் நாடாளுமன்றம் மன்னரிடம் கொடுத்த உரிமை விண்ணப்பத்துக்குக் காரணங்களில் ஒன்று.

1679இல் ஆட்கொணர்வுச் சட்டம் வந்தது. கைதியை நீதிபதி முன் கொண்டுவந்து நிறுத்து, ஜாமீன் கொடுக்கக்கூடிய வழக்கானால் விடு என்றது. இனி மறுக்க முடியாது என்று தெரிந்ததும் சில நீதிபதிகள் வேறு வழி கண்டார்கள். ஜாமீன் உண்டு, ஆனால் யாராலும் கட்ட முடியாத தொகை! கதவைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் மலையைக் கொண்டுவந்து வைத்த மாதிரி. அதனால்தான் 1689இல் இயற்றப்பட்ட உரிமைச் சட்டத்தில், மிதமிஞ்சிய ஜாமீன் கேட்கக் கூடாது என்று எழுதி வைத்தார்கள். 1791இல் அமெரிக்க அரசியல் சாசனத்தின் எட்டாவது திருத்தம் ஏறக்குறைய அதே வாசகத்தை எடுத்துக்கொண்டது.

மதுக்கடையில் பிறந்த தொழில்

இங்கிருந்து கதை அமெரிக்காவுக்குப் போகிறது. ஆள் போய்ப் பணம் வந்தது அங்கேதான்.

காரணம் எளிது. இங்கிலாந்துக் கிராமத்தில் பிணை நிற்க உறவினன் இருந்தான், பண்ணையார் இருந்தார். அமெரிக்காவோ குடியேறிகளின் நாடு. இன்று நியூயார்க்கில் இருப்பவன் நாளை மேற்கே போய்விடுவான். நகரங்கள் பெருத்தன. பக்கத்து வீட்டில் இருப்பவன் யாரென்றே தெரியாது. கைதானவனுக்காகக் கையெழுத்துப் போட ஆள் இல்லை. எங்கே தேவை இருக்கிறதோ அங்கே வியாபாரி வந்துவிடுவான் அல்லவா?

1890களின் பிற்பகுதியில் சான் பிரான்சிஸ்கோ நகரில் மெக்டோனா சகோதரர்கள், பீட்டரும் தாமசும், நீதிமன்றத்துக்கு அருகில் தங்கள் தந்தையின் மதுக்கடையில் இருந்தார்கள். வாடிக்கையாளர்களான வழக்கறிஞர்களுக்கு உதவியாக அவர்களின் கட்சிக்காரர்களுக்குப் பிணை நின்றார்கள். இந்த உதவிக்கு வழக்கறிஞர்கள் கட்சிக்காரர்களிடம் பணம் வாங்குவது தெரிந்ததும், அந்தக் கட்டணத்தை நாமே வாங்கினால் என்ன என்று தோன்றியதாம். அமெரிக்காவின் முதல் ஜாமீன் வியாபார நிறுவனம் என்று வரலாற்றில் குறிக்கப்படுவது இதுதான். 1937இல் அந்நகரப் போலீஸ் துறையின் ஊழலை விசாரித்த அதர்ட்டன் அறிக்கை, சூதாட்டம், விபசாரம், போலீஸ் லஞ்சம் எல்லாவற்றுக்கும் ஊற்றுக்கண் இந்த ஜாமீன் கடைதான் என்று சுட்டிக்காட்டியது.

பத்து விழுக்காட்டுக் கணக்கு

இந்தத் தொழில் எப்படி நடக்கிறது? நீதிமன்றம் 10,000 டாலர் ஜாமீன் விதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் முழுத்தொகை இருந்தால் நீதிமன்றத்திலேயே கட்டலாம். தவணை தவறாமல் ஆஜரானால், வழக்கு முடிந்ததும் பணம் திரும்பி வரும். இல்லாதவர் ஜாமீன் முகவரிடம் போகிறார். வழக்கமான கட்டணம் நூற்றுக்குப் பத்து, அதாவது 1,000 டாலர். முகவர் நீதிமன்றத்துக்கு ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்கிறார்: இவர் வராவிட்டால் 10,000 டாலரை நான் தருகிறேன். அவருக்குப் பின்னால் ஒரு காப்பீட்டு நிறுவனம் நிற்கிறது.

அந்த 1,000 டாலர் திரும்பி வராது. குற்றமற்றவர் என்று தீர்ப்பானாலும் வராது, அரசுத் தரப்பே வழக்கைக் கைவிட்டாலும் வராது. அது முகவரின் கூலி. அதற்கு மேல், உறவினர் ஒருவர் உடன் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுப் பத்திரத்தையோ காரையோ ஈடாகக் கேட்பதும் உண்டு. ஆள் ஓடிவிட்டால் முகவர் அந்த ஈட்டில் கை வைப்பார்.

ஓடியவரைத் தேடிப் பிடிக்க முகவருக்குக் கால அவகாசம் தரப்படுகிறது. கலிபோர்னியாவில் அது 180 நாட்கள். பிடிக்கும் அதிகாரமோ சாதாரணமானதல்ல. 1872இல் டெய்லர் எதிர் டெய்ன்டர் என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பிணையாளர் தன்னிடம் ஒப்படைக்கப்பட்டவரை வேறு மாநிலத்துக்குப் போயும் பிடிக்கலாம், தேவையானால் வீட்டுக்குள் புகுந்தும் பிடிக்கலாம் என்று கூறியது. உறவினர் பிணை நின்ற காலத்து உரிமை, கூலிக்குப் பிணை நிற்பவரின் கைக்கும் அப்படியே போய்விட்டது. திரைப்படங்களில் நாம் பார்க்கும் கூலிக்கு ஆள் பிடிப்பவர்கள் இப்படித்தான் உருவானார்கள்.

இந்தத் தொழிலுக்கு ஆதரவாளர்களும் இருக்கிறார்கள். அரசுக்குச் செலவில்லாமல் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துகிறோம் என்பது அவர்களின் வாதம். 2004இல் ஹெலண்ட், டபரோக் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் வெளியிட்ட ஆய்வு, முகவர் மூலம் வெளிவந்தவர்கள் தவணை தவறுவது குறைவு என்றே காட்டியது. இதையும் நாம் மறைக்கக் கூடாது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. முகவருக்கு 50,000 டாலர் ஜாமீன் என்றால் 5,000 டாலர் கூலி. 500 டாலர் ஜாமீன் என்றால் வெறும் 50 டாலர். எவரைத் தேடி ஓடுவார்? சிறிய குற்றம், சிறிய ஜாமீன், அதையும் கட்ட முடியாத ஏழை உள்ளேயே கிடக்கிறான். ஆபத்தானவனோ பணமிருந்தால் மாலைக்குள் வீட்டில் இருக்கிறான்.

உள்ளே கிடப்பதன் விலை என்ன? 1954இல் பேராசிரியர் கேலப் ஃபூட் பிலடெல்பியா நீதிமன்றங்களை ஆராய்ந்தார். ஜாமீன் கட்ட முடியாமல் உள்ளே இருந்தவர்கள், வெளியே இருந்தவர்களைவிட அதிகமாகக் குற்றவாளிகளாகத் தீர்க்கப்பட்டதைக் கண்டார். இதில் அதிசயமில்லை. வெளியே இருப்பவன் சாட்சியைத் தேடலாம், வேலைக்குப் போகலாம், நல்ல உடையுடன் நீதிபதி முன் நிற்கலாம். உள்ளே இருப்பவனுக்கோ, குற்றத்தை ஒப்புக்கொண்டால் இன்றே வீட்டுக்குப் போகலாம் என்ற ஆசை காட்டப்படுகிறது. செய்யாததையும் செய்தேன் என்று சொல்ல அந்த ஆசை ஒன்று போதாதா?

மீண்டும் ஆளைத் தேடி

1960இல் லூயிஸ் ஸ்வைட்சர் என்ற செல்வந்தர், நியூயார்க்கில் ஜாமீன் பணம் இல்லாத ஒரே காரணத்தால் இளைஞர்கள் மாதக்கணக்கில் அடைபட்டிருப்பதை அறிந்து அதிர்ந்தார். எல்லாருக்கும் பணம் கொடுத்து வெளியே எடுத்துவிடலாமே என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் அது அந்த முறையை மாற்றாதே! ஹெர்பர்ட் ஸ்டர்ஸ் என்ற இளைஞருடன் சேர்ந்து, தம் தாயாரின் பெயரில் வேரா அறக்கட்டளையைத் தொடங்கினார். 1961இல் மன்ஹாட்டன் ஜாமீன் திட்டம் பிறந்தது.

திட்டம் மிக எளிமையானது. சட்டக் கல்லூரி மாணவர்கள் கைதிகளிடம் போய்க் கேள்வி கேட்டார்கள். எங்கே குடியிருக்கிறாய்? யாருடன்? எத்தனை வருடமாக? வேலை உண்டா? முன்பு தண்டனை பெற்றதுண்டா? சொன்னதை உறவினரிடமும் முதலாளியிடமும் விசாரித்து உறுதி செய்தார்கள். வேர் ஊன்றிய மனிதன் என்று தெரிந்தால், பணமில்லாமல் அவன் சொந்த வாக்கின் பேரில் விடலாம் என்று நீதிபதிக்குப் பரிந்துரைத்தார்கள். விசாரணை நாள் நெருங்கும்போது நினைவூட்டவும் செய்தார்கள். அப்படி வெளிவந்தவர்களில் வேண்டுமென்றே வராமல் போனவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை.

ஒரு பைசா கட்டாமல் போனவன் ஏன் திரும்பி வந்தான்? வீடு இருந்தது, பிள்ளை இருந்தது, வேலை இருந்தது. அவனைக் கட்டிப் போட்டவை அவைதான். பத்துப் பேர் குழுவில் இருந்த அந்தப் பழைய பிணைப்பு, இருபதாம் நூற்றாண்டு நகரத்திலும் உயிரோடு இருந்தது.

1966இல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட ஜாமீன் சீர்திருத்தச் சட்டம் இந்த அனுபவத்தின் விளைவு. கென்டக்கி மாநிலம் 1976இல் ஜாமீன் வியாபாரத்தையே தடை செய்தது. ஆனால் பாதை நேராகச் செல்லவில்லை. 1984இல் வந்த சட்டம், ஆபத்தானவர் என்று கருதப்படுபவரை ஜாமீனே இல்லாமல் வைத்திருக்க இடம் கொடுத்தது. 2023 செப்டம்பரில் இலினாய்ஸ், பண ஜாமீனை முழுமையாக ஒழித்த முதல் மாநிலம் ஆனது. 2025 ஆகஸ்டில் அதிபர் டிரம்ப், பணமில்லா ஜாமீனுக்கு எதிராக உத்தரவு பிறப்பித்தார். வாதம் அங்கே இன்னும் ஓயவில்லை.

ஜாமீன் பிறந்த இங்கிலாந்தோ வேறு வழியில் போனது. பிணையாளருக்கு நஷ்டம் வராமல் ஈடு செய்வதாக ஒப்பந்தம் செய்துகொள்வது 1976ஆம் ஆண்டின் ஜாமீன் சட்டப்படி அங்கே குற்றம். பிணையாளருக்கு இழக்கப் பயம் இருக்க வேண்டும், அந்தப் பயத்தில்தான் அவர் ஆளைக் கண்காணிப்பார் என்பது அதன் தத்துவம். அமெரிக்காவில் கடை விரித்துச் செய்யும் தொழிலை அங்கே செய்தால் ஜாமீன் முகவருக்கே ஜாமீன் எடுக்க வேண்டி வரும்!

ஒரு கொத்தனாரும் உச்ச நீதிமன்றமும்

நம் நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், இங்கிலாந்து நெறிகளை ஒட்டி ஆங்கிலேயர் இந்தியாவுக்கு எழுதிய சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டது. ஆகவே இந்திய உச்ச நீதிமன்றம் இதைப் பற்றிச் சொன்னது நமக்கும் பாடம்.

1978இல் மோத்தி ராம் என்ற ஏழைக் கொத்தனாரின் வழக்கு அங்கே வந்தது. உச்ச நீதிமன்றம் அவரை ஜாமீனில் விடச் சொல்லியிருந்தது. கீழ் நீதிமன்றமோ 10,000 ரூபாய்க்கு ஆள் ஜாமீன் கேட்டது. சகோதரர் பிணை நிற்க வந்தபோது, அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிவிட்டது. நீதிபதி கிருஷ்ண ஐயர் கடுமையாகக் கேட்டார்: தமிழரோ, மலையாளியோ, கன்னடரோ தொலைதூர வடக்கில் கைதானால், அந்த ஊரில் சொத்துள்ள பிணையாளருக்கு எங்கே போவார்? 1,000 ரூபாய்க்குச் சொந்தப் பத்திரத்தின் பேரில் அந்தக் கொத்தனாரை விடுமாறு தீர்ப்பளித்தார்.

அடுத்த ஆண்டு, 1979இல், பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் கிடந்தவர்களின் வழக்கு வந்தது. குற்றம் உறுதியானாலும் கிடைத்திருக்கக்கூடிய தண்டனையைவிட நீண்ட காலம் உள்ளே இருந்தவர்கள் அவர்களில் உண்டு. நீதிபதி பகவதி, மன்ஹாட்டன் திட்டத்தின் அனுபவத்தை எடுத்துக்காட்டி, சமுதாயத்தில் வேர் உள்ளவரைப் பணமில்லாமலும் விடலாம் என்று எழுதினார். நியூயார்க் சட்ட மாணவர்கள் கேட்ட கேள்விகள், பாட்னா சிறைக் கதவையும் தட்டின.

நாம் செய்ய வேண்டியது

மலேசியாவில் ஜாமீன் முகவர் கடை கிடையாது. இங்கே பிணை நிற்பவர் உறவினர் அல்லது நண்பர்தான். பணத்தைக் கட்டி ரசீது வாங்குகிறார். குற்றம் சாட்டப்பட்டவர் ஒவ்வொரு தவணைக்கும் ஆஜரானால், வழக்கு முடிந்ததும், தீர்ப்பு எதுவானாலும், பணம் திரும்பக் கிடைக்கும். ஓடிவிட்டால் போய்விடும். நம் சட்டத்தின் 389ஆவது பிரிவு, ஜாமீன் தொகை ஆளை ஆஜராக வைக்கப் போதுமானதாக இருக்க வேண்டும், மிதமிஞ்சியதாக இருக்கக் கூடாது என்கிறது. மிதமிஞ்சியது என்ற சொல் 1689இலிருந்து கடல் தாண்டி வந்த சொல் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

ஆகவே தொகை தாங்க முடியாததாக இருந்தால், வாயடைத்து நிற்க வேண்டாம். குறைக்கும்படி கேட்க வழி உண்டு. உயர் நீதிமன்றத்திலும் கேட்கலாம். அப்போது வெறுமனே ஏழை என்று சொன்னால் போதாது. வீட்டு முகவரி, எத்தனை ஆண்டு வசிப்பு, சம்பளச் சீட்டு, பிள்ளைகளின் பள்ளி, நோயுற்ற பெற்றோர் என்று, இவன் எங்கும் ஓட மாட்டான் என்பதற்கான வேர்களைக் காட்ட வேண்டும். வழக்கறிஞருக்குப் பணமில்லாதவர்களுக்காக 2012இல் செயல்படத் தொடங்கிய தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை இருக்கிறது. தடுப்புக் காவலுக்கும் ஜாமீனுக்கும் அதன் உதவியை நாடலாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதே என்று நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். வங்கிக் கடனுக்கு அது நல்ல புத்திமதிதான். ஆனால் கைதான ஒரு பையனுக்கு, சங்கிலியை அடகு வைத்துப் பணம் புரட்டிய பிறகும் கையெழுத்துப் போட ஒரு நபர் இல்லாமல் போனால், அது அந்தக் குடும்பத்தின் வறுமை மட்டுமா? கோயில் நிர்வாகம், குடியிருப்பு மன்றம், இளைஞர் மணிமன்றம் என்று இத்தனை சங்கங்கள் வைத்திருக்கிறோம். விசாரணை நாளை நினைவூட்ட, நீதிமன்றத்துக்கு அழைத்துப் போக, வேலைக்குத் திரும்ப வைக்க ஒருவரை நியமிக்க நம்மால் முடியாதா? பிணை நிற்பவர் கையெழுத்தோடு ஒதுங்கிவிடாமல் அந்தப் பையன் கூடவே இருந்தால், பணம் போகுமே என்ற பயமும் குறையும்.

நீதிமன்றம் அவன் குற்றவாளியா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கேட்பதெல்லாம், சொன்ன நாளில் வருவானா என்பது மட்டும்தான். அந்தக் கேள்விக்குப் பணம் சொல்லும் பதிலைவிட, அவனைத் தெரிந்த ஒரு மனிதர் சொல்லும் பதில்தான் பழையது. மன்ஹாட்டன் கணக்குப்படி நம்பத் தகுந்ததும்கூட. அடுத்த முறை "ஒரு நபர் உத்தரவாதத்துடன்" என்று நீதிமன்றத்தில் சொல்லும்போது, தொகையைக் கேட்பதற்கு முன் அந்த நபர் யார் என்று கேளுங்கள். அது நீங்களாகவும் இருக்கலாம்.